படித்துறை இல்லாத குளம்

ஏப்ரலில் கோடைக்கால நீச்சல் பேட்ச் தொடங்கினால், முதல் மூன்று நாள் எங்கள் குளத்தை ஒட்டிய வீடுகளில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அவ்வளவு அழுகை. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் எது என்ன அழுகை என்று சொல்லிவிடுவேன். அம்மாவைத் தேடுகிற அழுகை வேறு. குளிர் அழுகை வேறு. மூக்கில் தண்ணீர் ஏறிய அழுகை வேறு. நிஜமான பயம் பெரும்பாலும் சத்தம் போடாது. சுவரோடு ஒட்டி நின்று, நீச்சல் கண்ணாடியின் ரப்பர் வாரைக் கடித்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் அப்படி நின்றவளுக்கு ஐந்தரை வயது. பெயர் வேண்டாம். மஞ்சள் நிறத்தில் கேப் மாட்டியிருந்தாள், மஞ்சள் கேப் என்றே வைத்துக்கொள்வோம். அவள் அப்பா கையில் பணம் கட்டிய ரசீது. "பன்னிரண்டு நாள் கோர்ஸ்னு போட்டிருக்கீங்க மேடம். முடியறதுக்குள்ள நீந்திடுவால்ல?"

"நீந்துவா சார். எத்தனை நாள்னு அவதான் சொல்லணும்."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ரசீதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் அவளைத் தண்ணீர்ப் பக்கமே கூப்பிடவில்லை. ஒரு வேலை கொடுத்தேன். "தண்ணிக்குள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்கு எண்ணிச் சொல்லணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை." இது குழந்தைக்காகச் செய்த பாசாங்கு இல்லை. குளத்தில் நிற்கும் எந்தப் பயிற்சியாளரும் தலைகளை எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அவள் சுவரை விட்டு நகராமல் எண்ணினாள். முதல் தடவை பதினாலு. இரண்டாம் தடவை, "பதினஞ்சு. உங்களை விட்டுட்டேன் மிஸ்." முக்கால் மணி நேரம் முடிந்தபோது அவள் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அது நல்ல நாள்.

நான் நீச்சல் கற்றது கல்லிடைக்குறிச்சியில், தாமிரபரணியில். கற்றது என்று சொல்வதுகூடத் தப்பு. யாரும் சொல்லித்தரவில்லை. ஆச்சி துணி துவைக்கப் போகும்போது கூடப் போவோம். படித்துறையில் எந்தப் படியில் யார் நிற்கலாம் என்பதை வயது முடிவு செய்வதில்லை, ஆச்சிதான் முடிவு செய்வாள். கணுக்கால் நனைகிற படியில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலை மீன் கடிக்கும். பாசி வழுக்கும், வழுக்கிப் பின்பக்கம் அடிபடும், எழுந்து மறுபடி உட்காருவோம். பிறகு முட்டி நனைகிற படி. "ஏட்டி, அதைத் தாண்டுன, காலை முறிச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டே துணியை அடிப்பாள். ஓரக்கண் எங்கள் மேல்தான் இருக்கும். இடுப்புப் படியில் நிற்கிற வயதில் கையால் மேல் படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் மிதக்கவிட்டு அடிப்போம். ஒருநாள் கையை எடுத்தேன். என்றைக்கு என்று ஞாபகம் இல்லை. கொண்டாட்டம் ஏதும் நடக்கவில்லை. துவைத்த சேலையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பிழியச் சொன்னாள்.

என் வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல் பக்கம். அவர் ஊரில் ஆறு கிடையாது, கிணறுதான். தாய்மாமன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கமலைக் கிணற்றில் தள்ளிவிட்டாராம். "ஒரே நாள்ல கத்துக்கிட்டேன்" என்று இன்றைக்கும் பெருமை. அதே மாமா, அதே கிணறு, அதே வாரம் தள்ளிவிட்ட என் வீட்டுக்காரரின் தம்பி, குற்றாலத்துக்குப் போனால் கூட்டத்துக்கு வெளியே நின்று செம்பில் பிடித்துக் குளிப்பவர். அந்தக் கதையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. தள்ளிவிடப்பட்டு நீந்தியவர்கள்தான் பின்னாளில் பேசுகிறார்கள், அதனால் தள்ளிவிடுவதுதான் வழி என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

சென்னைக்கு வந்து இந்த வேலைக்குச் சேர்ந்தபோது நான் பார்த்ததெல்லாம் கிணற்று வழிதான். அப்போது வேலை செய்த ஒரு குளத்தில் எனக்கு மூத்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். நல்ல நீச்சல்காரர், மோசமான மனிதர் இல்லை. "கையை விட்டாத்தான் வரும். சொல்லிட்டு விட்டா வராது" என்பது அவர் பாடம். எனக்குச் சம்பளம் கொடுக்கும் இடம். நானும் அப்படியே செய்தேன்.

ஆறு வயதுப் பையன். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். "விட மாட்டீங்கல்ல மிஸ்?" "விட மாட்டேன்." அகலவாக்கில் பாதி தூரம் வந்ததும் கையை உருவிக்கொண்டேன். அவன் மூன்று நான்கு உதை உதைத்துச் சுவரைத் தொட்டுவிட்டான். கரையில் எல்லோரும் கைதட்டினார்கள், அவன் அம்மாவும்தான். அவன் தட்டவில்லை. ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். அழுதிருந்தால் நான் மறந்திருப்பேன். வெறுமனே பார்த்தான், தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி. மறுநாள் வந்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். நாலு நாள் ஆட்டோ வந்து திரும்பியது. ஐந்தாம் நாள் ஆட்டோவும் வரவில்லை. அவனுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். நீச்சல் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

அவன் தண்ணீரைப் பார்த்தா பயந்தான்? தண்ணீரில் மூன்று உதை உதைத்து வெற்றி பெற்றவன் அவன். பயந்தது என் கையைப் பார்த்து. அதற்குப் பிறகு நான் ஒரு குழந்தையிடமும் "விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விட்டதில்லை. விடுவதானால், "மூணு எண்ணுவேன், அப்புறம் விடுவேன்" என்று சொல்வேன். இரண்டில் விடமாட்டேன்; இரண்டரையிலும் விடமாட்டேன். வேடிக்கையாகக்கூட.

பெற்றோருக்கும் இதையேதான் சொல்கிறேன். "இதோ பாத்ரூம் போயிட்டு வர்றேன்டா" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடும் அம்மாக்கள் உண்டு. அழாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் குழந்தை வகுப்பு முழுக்கத் தண்ணீரைப் பார்க்காது, பாத்ரூம் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். போவதானால் சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். இருப்பதானால் வாயை மூடிக்கொண்டு இருங்கள். கரையில் நின்று "குதிடா, குதிடா, பக்கத்து வீட்டுப் பையன் குதிக்கிறான் பாரு" என்று கத்துகிற அப்பாக்களில் பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது என்பது என் அனுபவம்.

குளத்துக்கு வருவோம். ஐந்து வயதுக் குழந்தை ஏறக்குறைய மூன்றரை அடி உயரம். எங்கள் குளத்தில் ஆழம் குறைந்த முனை மூன்றடி. பெரியவர்களுக்கு அது இடுப்பளவு, "இதுக்கா பயப்படுற?" என்று கேட்கத் தோன்றும். குழந்தைக்கோ தோள் முழுகிவிடும். சந்தேகமிருந்தால், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு உங்களைவிட ஒன்றரை மடங்கு உயரமான ஒருவர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். வரையறுக்கப்பட்ட நீளம், வரையறுக்கப்பட்ட ஆழம் என்று கட்டிய குளங்கள் இவை. போட்டிக்காகக் கட்டியவை, படித்துறை வைத்துக் கட்டியவை அல்ல. சுவரில் செங்குத்தாக ஒரு ஏணி. காய்ந்த தரையிலிருந்து ஒரே இறக்கத்தில் கழுத்து. கணுக்கால் படி, முட்டிப் படி எல்லாம் எங்கே?

நானே செய்யவைத்தேன். கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறையில் எஸ்.எஸ். குழாயில் சட்டம், மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகை, காலுக்கு ரப்பர் புஷ். ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் அலையும்போது மேடை ஆடும். முதலில் செய்ததில் பக்கங்கள் திறந்திருந்தன. ஒரு குழந்தையின் கால் அடியில் நுழையப் பார்த்தது. அன்றே வெளியே தூக்கிப் போட்டு நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு வரச் சொன்னேன். ஒன்றரை அடி உயரத்தில் ஒன்று, முக்கால் அடியில் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு படி. மூன்றாவது படி குளத்தின் தரை. பட்டறைக்காரர் "எதுக்கும்மா இது, கோயில் தெப்பத்துக்கா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

மஞ்சள் கேப் இரண்டாம் நாள் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டாள். மூன்றாம் நாள் முதல் படி. தண்ணீர் இடுப்பைத் தொட்டது. அவள் அந்தப் படியில் நிற்கும்போது நான் தண்ணீருக்குள் எதிரே நிற்பேன், இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிற மாதிரி. கரையில் நின்றுகொண்டு விசில் ஊதிச் சொல்லித்தருவது பெரியவர்களுக்குச் சரி. இந்த வயதுக்கு விசில் ஒரு மிரட்டல்.

அவளுடைய பயம் எங்கே தொடங்கியது என்று நாலாம் நாள்தான் பிடிபட்டது. தண்ணீர் முகத்தில் தெறித்த மாத்திரத்தில் கண்ணை இறுக்கி, கையைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டாள். குளத்தில் விழுந்த குழந்தை அப்படிச் செய்யாது. அது குளியலறையில் கற்றுக்கொண்ட அசைவு. பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுவேம்மா. சீயக்காய் கண்ணுல பட்டு ஒரே ரகளை. கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மடமடன்னு ரெண்டு சொம்பு ஊத்தி முடிச்சிருவேன்." இந்தத் தமிழ்நாட்டில் தண்ணீருக்குப் பயப்படுகிற குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு செம்பு காரணமோ! பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் குளிப்பாட்டினேன்.

வீட்டுப் பாடம் கொடுத்தேன், பாட்டிக்கு. ஒரு வாரம் பேத்தியே தன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். சின்ன டம்ளர் போதும். முதலில் தோளில், அடுத்து பிடரியில், கடைசியாக உச்சியில். துடைத்துக்கொள்ளத் துண்டு பக்கத்தில் இருக்கலாம், ஆனால் பத்து எண்ணிய பிறகுதான் துடைக்க வேண்டும். பாட்டி சிரித்தாள். "இதுக்கெல்லாமா ஃபீஸ் வாங்குறீங்க?" ஐந்தாறு நாளில் மக்கில் ஊற்றிக்கொள்கிறாள் என்று பாட்டியே வந்து சொன்னாள்.

பாட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது ஜாதகத்தையும் சொல்லிவிட வேண்டும். "பிள்ளைக்கு ஜலகண்டம் இருக்கு, பன்னிரண்டு வயசு வரைக்கும் தண்ணிப் பக்கம் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். நான் ஜோசியத்தோடு சண்டை போடுவதில்லை. "கண்டம் இருக்குன்னா நீச்சல் கண்டிப்பா வேணுமே பாட்டி" என்பேன். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள். மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. கத்த மூச்சு வேண்டுமே. பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் முடிந்துவிடும். அதனால்தான் பயந்த குழந்தை வகுப்பை விட்டு ஓடிவிடக் கூடாது என்று நான் இவ்வளவு மெனக்கெடுகிறேன். பயந்த குழந்தை தானாகத் தண்ணீரில் இறங்காது. என் தூக்கத்தைக் கெடுப்பது பயமே இல்லாத நாலு வயதுக்காரன்தான். அவன் வந்த அன்று நான் ஒரு நொடி கூடத் திரும்புவதில்லை.

மூக்குக்கு வருகிறேன். தண்ணீருக்குள் முகத்தை வைக்கச் சொல்லித்தருவதில் எல்லோரும் "முட்டை விடு" என்பார்கள், அதாவது வாயால் ஊதிக் குமிழி விடுவது. அதில் ஒரு சிக்கல் உண்டு. வாயால் ஊதும்போது மூக்கு திறந்தபடி சும்மா இருக்கும்; தலையைக் கொஞ்சம் சாய்த்தால் தண்ணீர் ஏறிச் சுரீர் என்று நெற்றி வரை எரியும். ஒரு தடவை எரிந்தால் ஒரு வாரம் போச்சு. வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று சொல்லிப் பாருங்கள். காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே வரும். காற்று வெளியே வந்துகொண்டிருக்கும் மூக்கில் தண்ணீர் உள்ளே போகாது. 'ம்' சொல்லத் தெரியாத தமிழ்க் குழந்தை உண்டா? கதை கேட்கும்போது உம் கொட்டுவதுதானே.

மஞ்சள் கேப்புக்கு முதலில் வடை சுட்ட பாட்டி கதையை ஆரம்பித்தேன். "அது எனக்குத் தெரியும் மிஸ்" என்று வெட்டிவிட்டாள். சரி என்று, குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஓர் ஆமையின் கதையை அங்கேயே கட்டினேன். "ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சாம்." "ம்." "இப்ப உதட்டைத் தண்ணில வெச்சுக்கிட்டு ம் சொல்லு. அந்த ஆமைக்குக் குளிக்கவே பிடிக்காதாம்." "ம்ம்." உதடு, பிறகு உதட்டுக்கு மேல், பிறகு மூக்கு நுனி. மூக்கு நுனி தண்ணீரைத் தொட்ட முதல் தடவை அவள் 'ம்'மில் தண்ணீர் கிலுகிலுவென்று நடுங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வாய் திறக்கும், ஒரு வாய் குடித்தாள், துப்பினாள், "அப்புறம் அந்த ஆமை?" என்றாள். நான் நிறுத்தினால்தான் அவளுக்குக் கோபம். ஏழாம் நாள் கண்ணாடி வரைக்கும் முகம் உள்ளே போனது, நீளமான ஒரு 'ம்'முடன். அந்த ஆமையின் கதை இன்னும் முடியவில்லை. எனக்கே அது எங்கே போகிறது என்று தெரியாது.

கேட்டால் சின்னதாகத் தோன்றும், ஆனால் இன்னொரு விஷயத்தில் பல வருஷம் தவறு செய்திருக்கிறேன். மிதக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் மார்பு மிதந்துவிடும், அதற்குத் திறமை வேண்டாம். ஆனால் படுத்தவாக்கில் மிதக்கிற குழந்தைக்கு, கால் தரைக்கு எப்படித் திரும்பி வரும் என்று தெரியாது. தரையில் குப்புற விழுந்தால் கையை ஊன்றி எழுவோம். தண்ணீரில் ஊன்றினால் கை கீழே போகிறது. அங்கேதான் பதறுகிறது. முட்டியை வயிற்றோடு இழு, இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அமுக்கு, காலைக் கீழே விடு, கடைசியில் தலையைத் தூக்கு. என் முன்கையைக் கம்பிபோலப் பிடித்துக்கொண்டு இதையே இருபது முப்பது தடவை. தலையை முதலில் தூக்கினால் கால் வராது. தானாக எழுந்து நிற்க முடியும் என்று தெரிந்த குழந்தை, படுப்பதற்கு என்னைக் கெஞ்ச விடுவதில்லை.

மல்லாந்து மிதப்பதில் வேறு தொல்லை. காது தண்ணீருக்குள் போனதும் உலகத்தின் சத்தம் நின்றுவிடும். என் குரலும் நின்றுவிடும். அதனால் முதலில் என் தோளில் தலை சாய்த்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒரு காதை மட்டும் நனைக்கிறேன். "இப்ப என்ன கேக்குது?" ஒருவன் "மோட்டார்" என்றான். உண்மைதான், வடிகட்டும் பம்ப் ஓடுகிற சத்தம் தண்ணீர் வழியாக வரும். இன்னொருத்தி "கோயில் மணி" என்றாள். இருக்கட்டும்.

குளிரைப் பற்றி ஒன்று. பயத்தில் நடுங்குவதும் குளிரில் நடுங்குவதும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், நம்மைவிடச் சீக்கிரம் சூடு இழக்கும். போட்டிக் குளங்களுக்கு விதிப்படி 25 முதல் 28 டிகிரி. வேகமாக நீந்துகிறவர்களுக்கு அது சுகம், படியில் நின்று உம் கொட்டுகிறவளுக்கு அது ஐஸ். காலை ஆறு மணி பேட்ச்சில் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் வாங்கிய எத்தனையோ பேரை, வெயில் நாள் முழுக்க அடித்துத் தண்ணீர் வெதுவெதுப்பான நாலு மணிக்கு மாற்றியிருக்கிறேன். பாதிப் பயம் உலர்ந்துவிடும். உதடு நீலமானால் வகுப்பு முடிந்தது, பணம் கட்டிய நிமிஷங்கள் பாக்கி இருந்தாலும்.

கையில் மாட்டும் காற்றுப் பைகளை நான் வாங்கச் சொல்வதில்லை. அவை உடம்பை நட்டுக்குத்தலாக நிறுத்திவிடும். சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டிப் பழகிவிடும். அதைவிட மோசம், பையைக் கழற்றிய பிறகும் தான் மிதப்பேன் என்று குழந்தை நம்பிவிடும். கிணற்றுக்காரர்கள் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை இதைவிடப் புத்திசாலித்தனமானது; உடம்பாவது படுக்கும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குளத்தில் கூட்டம். வெள்ளத்தில் மாட்டியவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதில் ஒரு பையன், ஏழு வயது, இரண்டு நாள் மொட்டைமாடியில் இருந்தவன். அவன் அழவில்லை, மறுக்கவில்லை, சொன்ன இடத்தில் நின்றான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டே இருந்தான்: "மிஸ், இந்தத் தண்ணி ஏறுமா?" ஏறாது என்று நான் சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் அவன் வீட்டில் அப்படிச் சொல்லியிருப்பார்கள், ஏறியதல்லவா? ஓரத்தில் ஒரு நீல டைல்ஸ் வரிசை உண்டு, அதற்கு மேல் தண்ணீர் போனால் வழிந்தோடும் வாய்க்காலுக்குப் போய்விடும். அதைக் காட்டினேன். வாய்க்காலில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பம்ப் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் எங்கே போய் எப்படித் திரும்பி வருகிறது என்று காட்டினோம். தினமும் வந்ததும் முதல் வேலையாக நீல வரிசையைக் குனிந்து பார்ப்பான். பார்த்துவிட்டு இறங்குவான். ஒரு மாதம் பார்த்தான். மழைக்காலத்தில் வகுப்புக்கு வரவே மாட்டான், நானும் கட்டாயப்படுத்தவில்லை.

மஞ்சள் கேப் ஒன்பதாம் நாள் தரையைத் தொட்டு நின்றிருந்தாள், மூன்றாவது படி. அடுத்த பேட்ச் பெரிய பையன் ஒருவன் சொல் கேட்காமல் ஓடிவந்து அவளுக்கு ஓரடி தள்ளிக் குண்டு போட்டான். அலையில் கால் தடுக்கி அவள் உள்ளே போய்விட்டாள். நான் கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தேன். இரண்டு நொடி இருக்காது. ஆனாலும் தூக்கியபோது அந்தப் பழைய முகம். இருமினாள். மூக்கால் ஒழுகியது. கரையிலிருந்து அவள் அம்மா, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல!" என்று ஓடிவந்தாள்.

ஒன்றுமில்லையா? நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். "தண்ணி மூக்குல போயிடுச்சு. எரியும். எனக்கும் திக்குன்னு ஆயிடுச்சு. அந்த அண்ணன் பண்ணது தப்பு. நான் அவனை முன்னாடியே பார்த்திருக்கணும், அது என் தப்பு." முதல் தடவையாக என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து நேரே சுவரோரம் போய் நின்றாள். "பதிமூணு பேர் மிஸ்" என்றாள். நான் கேட்கவே இல்லை.

மறுபடி விளிம்பு, முதல் படி, இரண்டாம் படி. அப்பா, "பணம் கட்டி மறுபடி முதல்லேருந்தா மேடம்?" என்றார். நான் சமாதானம் சொல்லவில்லை; இந்தத் தடவை ஒன்பது நாள் வேலை மூன்று நாளில் முடிந்ததை அவரே பார்த்தார். அதன் பிறகு ஒருநாள், மூன்று எண்ணி விடுகிற கட்டம் வந்தது. "பத்து எண்ணுங்க" என்றாள். பத்து எண்ணினேன், ஒன்று விடாமல். பத்தில் விட்டேன். ஒரு நீளமான 'ம்', இரண்டு உதை, எழுந்து நின்றாள். அடுத்த தடவை, "இப்ப ஏழு." சாயங்காலம் முடிவதற்குள் நாலுக்கு வந்திருந்தாள். மூன்றுக்கு அவள் வரவே இல்லை. பரவாயில்லை என்று நாலிலேயே வைத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு நாள் கோர்ஸ் அவளுக்கு இருபத்தாறு வகுப்பானது. இந்த வருஷம் அகலவாக்கில் போய்த் திரும்புகிறாள், கொஞ்சம் கோணலாக. கிக் போர்டைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் விளிம்பிலிருந்து குதிக்கிறார்கள். அவள் குதிப்பதில்லை. நாலடி இருக்கும் இடத்தில் ஏணிக்கு முதுகைத் திருப்பாமல், சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு கம்பியாக எண்ணிக்கொண்டு இறங்குகிறாள். அப்பா கரையிலிருந்து என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்க்க மாட்டேன். நாலாவது கம்பியில் தண்ணீர் மோவாயைத் தொடும். அங்கே நின்று மூக்கைத் தண்ணீரில் வைத்து ஒரு தடவை 'ம்' சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்கிறாள்.